தாலி கட்டு இல்லாத எங்கள் கல்யாண வீடியோ

அந்த வீடியோ லைட்டின் சூடு இருக்கிறதே… முகத்துக்கு நேரே பிடித்தால் போட்ட பவுடர் எல்லாம் வழிந்து கழுத்துக்கு வந்துவிடும். சேந்தமங்கலத்தில் எங்கள் கல்யாணம் நடந்த அன்று பாதி நேரம் கண்ணை இடுக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

வீடியோ எடுத்தது செல்வராசு. என் கணவரின் சிநேகிதர், அங்கேயே ஸ்டுடியோ வைத்திருந்தார். கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில் ஒரு காலை, வாசலில் வந்து நின்றார். முகமே சரியில்லை.

"அண்ணா… டி டிரைவையே காணமுங்க."

கம்ப்யூட்டர் புத்தகத்தோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து தன் ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் ஒரு புது ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டிருக்கிறார். அதற்கு இடம் வேண்டுமே என்று, வீடியோக்களைப் போட்டுவைக்கும் டி டிரைவைக் கொஞ்சம் சுருக்கச் சொல்லியிருக்கிறார். 'முடிந்தது' என்று காட்டியதாம். ரீஸ்டார்ட் செய்தால் டிரைவே இல்லை. எங்கள் கல்யாணம் அதற்குள்தான் இருந்தது!

அந்த வெர்ஷனில் ஒரு பக், அதாவது கோளாறு. உள்ளே இருக்கும் ஃபைல்களை நகர்த்துவதற்கு முன்பே எல்லையை வெட்டிவிடுமாம்.

"டேப்பு இருக்குதல்ல?" என்றார் என் கணவர்.

"அதுல அடுத்த முகூர்த்தத்த எடுத்துப்போட்டனுங்கண்ணா…"

என் மாமியார் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவருடைய அண்ணன், எங்கள் பெரிய மாமா, ஆட்டையாம்பட்டியில் படுத்த படுக்கை. கல்யாணத்துக்கு வர முடியாமல் போனவர். "தாலி கட்டறத டிவில காட்டறேன்னு அண்ணங்கிட்டச் சொல்லிப்போட்டு வந்தனே சாமி…" என்று அழுதார்.

செல்வராசு ஸ்டுடியோவைப் பூட்டிவிட்டு, ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு நாமக்கல், சேலம் என்று அலைந்தார். கடைசியில் சேலத்து சர்வீஸ் கடை ஒன்றில் கொஞ்சம் மீட்டுக்கொடுத்தார்கள்.

முகூர்த்தம் இல்லை. மாலை மாற்றியது இல்லை. கிடைத்தது முழுக்கப் பந்தி…

தயங்கித் தயங்கித்தான் அதை ஆட்டையாம்பட்டிக்கு எடுத்துப்போனோம். பெரிய மாமாவைத் தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைத்தோம். டிவியில் இலை, சாதம், ரசம்… வரிசை வரிசையாகச் சொந்தக்காரர்கள்.

"நிறுத்து, நிறுத்து! அது நம்ம குப்புசாமி மச்சான்தான? தலையெல்லாம் நரைச்சுப்போச்சு!"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு முகத்துக்கு முகம் நிறுத்தச் சொன்னார். வருஷக்கணக்கில் அந்த அறையைத் தாண்டாத மனிதர். "ஏனம்மிணி, இவன் இன்னும் பாயாசத்த மறுக்கா மறுக்கா வாங்கறான் பாரு!" என்று தங்கையிடம் சொல்லிச் சிரித்தார்.

அப்போது திரையில் நாங்கள் வந்தோம். தலை குனிந்தபடி நான், பக்கத்து இலையில் இவர். மைக்கில் என் குரல் தெளிவாகக் கேட்டது.

"அந்த அப்பளம் உங்களுக்கு வேணுமா?"

கல்யாணத்தன்று நான் வாயே திறக்கவில்லை என்று இவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்! வீடே சிரித்தது. அழுதுகொண்டு வந்த மாமியாரும்தான்.

"மறுக்காப் போடு சாமி" என்றார் பெரிய மாமா.

போன மாதம் நாத்தனார் மகள் கல்யாணம். ட்ரோன், லைவ் எல்லாம் அமர்க்களம். தாலி கட்டியதை நாலு பக்கமிருந்தும் எடுத்திருந்தார்கள். பந்தி எங்கே என்று அவளிடம் கேட்டேன்.

"அதெல்லாம் யாருங்கத்தை எடுப்பாங்க?"

சரிதான். எங்கள் பந்தியில் உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் இன்று இல்லை… எங்கள் வீட்டு டிவியில் மட்டும் இன்னும் ரசம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.