வாழை மரம் நிற்கிற வீடு

மாரிராஜ் பி.காம். முடித்து மூன்று வருடமாகிறது. சங்கரன்கோவிலில் யாராவது, "இப்ப என்ன பண்ணுத?" என்று கேட்டால், "குரூப் ஃபோருக்குப் படிக்கேன்" என்பான். அது பொய்யில்லை. ஆனால் படிப்புக்கு நடுவே, தாய்மாமன் கோமதிநாயகத்தின் மைக்கும் லைட்டும் சேர்ந்த வாடகை ரேடியோ செட்டைக் கல்யாண வீடுகளிலும் கோவில் கொடை விழாக்களிலும் கட்டிக்கொண்டிருப்பதை மட்டும் சொல்ல மாட்டான். அவன் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன். அந்த முதல் ஆள் மரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டினால் ஊர் சிரிக்குமோ என்று அவனுக்கு ஒரு நினைப்பு. ஊர் சிரித்ததில்லை. நினைப்பும் போகவில்லை.

அந்த நினைப்புதான் அவனுக்கு எதிரி. கை ஒரு வேலை பார்க்கும், மனம் வேறெங்கோ போய்விடும். போன மாதம் ஒரு வீட்டில் பால் காய்ச்சினார்கள். துக்க வீட்டுக்கென்று வைத்திருந்த பென் டிரைவை எடுத்துச் செருகிவிட்டான். பால் பொங்கவும் ஒப்பாரி கிளம்பவும் சரியாக இருந்தது.

மாமா அன்றைக்கே முடிவாகச் சொல்லிவிட்டார். "ஏலே, இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா ரேடியோவத் தொடாத. நேரா தறிக்குப் போயிரு. அங்கன பாட்ட மாத்திப் போட வழியே கிடையாது. நாள் பூரா ஒரே பாட்டுதான்."

தறிக்குப் போவதில் அவனுக்குக் கேவலம் ஒன்றுமில்லை. அப்பா தறி ஓட்டித்தான் அவனைப் படிக்க வைத்தார். ஆனால் மாமா அப்படிச் சொன்ன பிறகுதான் அவனுக்கே ஒன்று விளங்கியது. இந்த வேலையை விட அவனுக்கு மனமில்லை. விடிகிற நேரத்தில் ஒரு தெரு முழுக்க முதல் பாட்டுக்குக் கண் விழிக்கிறது. அந்தச் சுவிட்சைத் தட்டுகிற விரல் தன்னுடையது என்பதில் அவனுக்கு ஒரு ரகசிய சந்தோஷம்.

ஆவணி முகூர்த்தம் வந்தது. ஒரே நாளில் இரண்டு கல்யாணம். ஒரு கல்யாணத்துக்கு மாமா போனார், இன்னொன்றுக்கு மாரிராஜைத் தனியாக அனுப்பினார். "கொளத்தங்கரைத் தெரு. சுந்தரம்மா மவளுக்குக் கல்யாணம், வீட்டு வாசல்லயே பந்தல். வாழை மரம் நிக்கும், பாத்துக்கோ."

அதற்கு மேல் அடையாளம் யாரும் கேட்பதில்லை. குலை தள்ளிய வாழை வாசலில் நின்றால் அது விசேஷ வீடு.

விடியுமுன் லோடு ஆட்டோவில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு போனான். தெருவின் நடுவில் ஒரு வீடு. கேட்டில் இரண்டு வாழை மரங்களைக் குலையோடு சாத்தி வைத்திருந்தார்கள். கதவு பூட்டியிருந்தது. கோவிலுக்குப் போயிருப்பார்கள், பந்தலும் இனிமேல்தான் போடுவார்கள் போல என்று நினைத்துக்கொண்டான். மரத்தைக்கூடக் கட்டாமல் போய்விட்டார்களே என்று இரக்கப்பட்டு, தானே கேட்டின் இருபுறமும் நிறுத்திக் கயிறு போட்டான். வேப்பமரத்தில் குழாய் ஏறியது. வீட்டு முகப்பு முழுக்க சீரியல் லைட் ஓடியது. பிள்ளையார் பாட்டு தெருவை எழுப்பியது.

வாசல் தெளிக்க வந்த பெண்கள் வாளியோடு கூடிவிட்டார்கள். "மகாராஜன் வீட்டுல என்ன விசேஷம்? நம்மகிட்ட மூச்சு விடலயே."

மகாராஜன் என்பது சுந்தரம்மாளின் வீட்டுக்காரராக இருக்கும் என்று மாரிராஜ் எடுத்துக்கொண்டான்.

நன்றாக விடிந்ததும் தெருமுனையில் மூன்று பேர் வந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர், அவர் மனைவி, கையில் ஃபைலோடு ஒரு பெண். முன்னால் வந்தவர் வீட்டைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

மாரிராஜ் ஓடிப்போய் வரவேற்றான். "வாங்க அண்ணாச்சி. எல்லாம் கட்டியாச்சு. மாலை எப்ப வரும்? பொண்ணு இவங்களா?"

"நான் பொண்ணுதான்" என்றாள் அவள். "ஆனா கல்யாணப் பொண்ணு இல்ல."

"இது சுந்தரம்மா அக்கா வீடு இல்லையா?"

"அவுக வீடு கடைசில இருக்கு தம்பி" என்றார் மகாராஜன். "அந்த மரம் அவுகளுக்குத்தான். எங்க தோப்புல வெட்டுனது. வந்து எடுத்துக்கிடுங்கன்னு சொல்லிச் சாத்தி வச்சிட்டுத் திருநவேலி போயிருந்தோம்."

மாரிராஜுக்குக் காதுக்குள் தறிச் சத்தம் கேட்டது. அதே நேரம் போனில் மாமா. "ஏலே, சுந்தரம்மா போன் போட்டு ஏசுதா. ரேடியோ வரலயாம். ஆனா தெருவுல ரேடியோச் சத்தம் மட்டும் கேக்காம். எங்கனல நிக்க?"

"இந்தா அவுத்துருதேன் மாமா" என்று சொல்லிக்கொண்டே வேப்பமரத்தில் காலை வைத்தான்.

அதற்குள் வாளிக்காரப் பெண்கள் மகாராஜனைச் சூழ்ந்துகொண்டார்கள். "என்ன விசேஷம்னு நீங்களாவது சொல்லுங்க."

அவர் வீட்டைப் பார்த்தார், எரிகிற லைட்டைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "எம் மவ யோகலட்சுமி பட்டம் வாங்கிட்டா" என்றார். பிறகு மரத்தடிக்கு வந்தார். "தம்பி, இறங்கு."

"இல்ல அண்ணாச்சி, கல்யாண வீட்டுல தேடுதாங்க. எனக்கு வேலை போயிரும்."

"ஒரு நிமிசம்தான். நேத்து பட்டம் குடுக்குற மண்டபத்துக்குள்ள வீட்டாள்ல ஒருத்தருக்குத்தான் பாஸ். இவ அம்மைய அனுப்பிட்டு நான் வெளிய நின்னேன். உள்ள மைக்ல பேரா வாசிக்காங்க, எது எம் பிள்ள பேருன்னு எனக்குக் கேக்கல. நீ ஒருதடவ வாசி. கேட்டுட்டு விட்டுருதேன்."

மாரிராஜ் தன் பட்டமளிப்பு விழாவுக்குப் போகவே இல்லை. யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று இருந்துவிட்டு, பிறகொரு நாள் கல்லூரி ஆபீசில் கையெழுத்துப் போட்டுச் சான்றிதழை வாங்கி வந்தான். அது பீரோவில் துணிக்கடியில் கிடக்கிறது. மரத்தில் ஒரு கால், தரையில் ஒரு கால் என்று கொஞ்ச நேரம் நின்றான். பிறகு இறங்கி வந்து பாட்டை நிறுத்தினான்.

"பி.எஸ்சி. வேதியியல். மகாராஜன் மகள் யோகலட்சுமி."

மண்டபத்தில் அப்பா பேரை வாசித்திருக்க மாட்டார்கள். அது அவனாகச் சேர்த்தது. யோகலட்சுமி சிரித்துக்கொண்டே கேட்டிலிருந்து வாசற்படி வரை நடந்தாள். மகாராஜன் ஃபைலிலிருந்து சான்றிதழை எடுத்து, தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் நீட்டினார். வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பெண்கள் கை தட்டினார்கள்.

கைதட்டலுக்கு நடுவே பட்டுச்சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு சுந்தரம்மாள் வந்து நின்றாள். "நல்லாருக்கு. வாழை எனக்கு வெட்டுனது, ரேடியோ நான் சொன்னது, விசேஷம் மட்டும் உங்க வீட்டுல."

"மதினி, கோவப்படாதிய" என்று மகாராஜன் நடந்ததைச் சொன்னார். சுந்தரம்மாள் மாரிராஜைத் தலை முதல் கால் வரை அளந்தாள்.

"இன்னொருக்க வாசி. நான் வாறதுக்குள்ள முடிஞ்சு போச்சு."

வாசித்தான். அவள் முழுவதும் கேட்டாள். "எம் மவளும் பி.ஏ.தான். பத்திரிகைல போட்டிருக்கேன், எவனும் வாசிக்கல. நேரத்தத்தான் பாத்தான். தாலி கட்டுறதுக்கு முந்தி இதே மாதிரி வாசி. இல்லன்னா ஒன் மாமன நான் சும்மா விட மாட்டேன்."

பிறகு தெருவே சுமந்தது. ஒருவர் குழாயைத் தூக்கினார், மகாராஜன் வாழையைத் தோளில் வைத்தார், வாளிக்காரப் பெண்கள் சீரியல் லைட்டை மாலை மாதிரி ஏந்தி வந்தார்கள். ஊர்வலத்தைப் பார்த்து, பொண்ணு அழைப்பு இப்பவேயா என்று மாப்பிள்ளை வீட்டார் பதறினார்கள்.

தாலிக்குச் சற்று முன்னால் மாமா பந்தலுக்கு வந்து சேர்ந்தார். மாரிராஜ் அவர் முகத்தைப் பார்க்காமல் மைக்கை எடுத்து, மணப்பெண்ணின் பேரைப் படிப்போடு வாசித்தான். தலை குனிந்திருந்த பெண் சட்டென்று நிமிர்ந்தாள். மாப்பிள்ளை பக்கமிருந்து ஒரு குரல், "எங்க பையன் டிப்ளமோ. அதயும் வாசிங்க" என்றது. பந்தல் சிரித்தது. அதையும் வாசித்தான்.

மாமா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். "தறிக்காரர்கிட்ட ஒரு ஆள் வாரான்னு சொல்லி வச்சிருந்தேன். வரலன்னு சொல்லிருதேன்." கொஞ்ச தூரம் போய்த் திரும்பினார். "ராயகிரில இருந்து ஒருத்தர் வந்திருக்காரு. அவர் பிள்ள நர்சிங் முடிச்சிருக்காம். நம்ம ரேடியோ வேணும்கார். நீ போய்க் கட்டு. மரத்தப் பாக்காத, கதவத் தட்டிக் கேளு."

மாரிராஜ் மைக்கை மடியில் வைத்துக்கொண்டு ஆம்பிளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்தான். யோகலட்சுமி காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். "நீங்க என்ன பண்ணுதிய?"

குரூப் ஃபோர் நாக்கு நுனி வரை வந்தது. "ரேடியோ கட்டுதேன்" என்றான். பிறகு, "பி.காம்." என்றான்.

"ஒங்க பேர யாராச்சும் வாசிச்சாங்களா?"

"இல்ல. மாரிராஜ், பி.காம்.னு யாரு வாசிப்பா?"

பந்தலில் எல்லாத் தலைகளும் அவன் பக்கம் திரும்பின. பந்தியில் யாரோ கை தட்டினார்கள். அப்போதுதான் அவன் மடியைப் பார்த்தான். மைக்கை அணைக்க மறந்திருந்தான்.