தலைவர் வீட்டுக் கொம்பியூட்டர்

பென்சில் அழிக்கிற அழிறப்பர் தேய்த்த தூளின் வாசமும் சந்தன வாசமும் ஒன்றாக வந்தால் இன்றும் எனக்குத் தலைவர் வீட்டு முன்னறைதான் ஞாபகம் வரும். யுத்தம் முடிவதற்குச் சில வருடங்களுக்கு முன், பலாங்கொடைக்கு மேலேயிருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கென்று கொழும்பிலிருந்து யாரோ தர்மவான்கள் ஒரு கொம்பியூட்டர் கொடுத்தார்கள். பள்ளிக்கூடக் கூரை ஒழுகுகிறது, நனைந்துவிடும் என்று சொல்லி, தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் அதைத் தம் வீட்டு முன்னறையில் வைத்துக்கொண்டார். பிறகு கூரையை மாற்றினார்கள். கொம்பியூட்டர் மட்டும் பள்ளிக்கூடம் வந்து சேரவில்லை.

தலைவருக்கு அறுபது வயதுக்கு மேல், கண்ணும் மங்கல். அதனால் பக்கத்து லயத்து வரிசை வீட்டுப் பிள்ளையான என்னை வெள்ளிக்கிழமைதோறும் கூப்பிடுவார். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. மழைக்காலத்தில் எங்கள் மலையில் சுவரே வியர்க்கும். ஈரம் ஏறி அந்தப் பெட்டி அடிக்கடி படுத்துவிடும். ஒருமுறை டவுனிலிருந்து ரிப்பேர் செய்ய வந்த சிங்கள பாஸ், என் பையிலிருந்து அழிறப்பரை வாங்கி, 'ரேம்' என்று அவர் சொன்ன சின்னப் பலகையின் தங்கநிறப் பற்களைத் தேய்த்து, இரண்டு பக்கக் கொக்கியும் 'டக்'கென்று விழும்படி அழுத்தினார். பெட்டி உயிர்பெற்றது. "ஒச்சரய் நங்கி, இவ்வளவுதான் தங்கச்சி" என்றார். தலைவரும் குனிந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அதிலிருந்து தூசி தட்டுவது, எறும்பு துரத்துவது, பல் தேய்ப்பது எல்லாம் என் வேலை. ஒரே ஓர் எழுத்தைத் தட்டிப் பார்க்க மட்டும் விடமாட்டார். "தொடைச்சிட்டியா? கையை எடு புள்ள" என்பார்.

சரஸ்வதி பூசையன்று மட்டும் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோரும் அதனருகே போகலாம். மாலை போட்டு, சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கும் அதை வரிசையில் வந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அவித்த கடலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவோம். அடுத்த வருடமாவது இதைப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படிக்க வை தாயே என்பதுதான் என் வேண்டுதல்.

அந்த வருடப் பூசைக்குப் புதிதாக வந்த மாஸ்டரும் வந்திருந்தார். கும்பிட்டு முடித்ததும், "தலைவர், நாளைக்கு இத ஸ்கூலுக்குக் கொண்டுபோவமா?" என்று எல்லோர் முன்னும் கேட்டார்.

"யாரு வேணாங்கிறா சேர்? ஆனா அது ரிப்பேர். சும்மா சாமிக்கு முன்னால வச்சிருக்கோம்."

"இல்ல சேர், நேத்துதான் பல்லு தேச்சேன், வேலை செய்யுது" என்று நான் சொல்லிவிட்டேன்.

"கொம்பியூட்டருக்குப் பல்லு வெளக்கி விட்டாளாம்டா!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். நான் சுவிட்சைப் போட்டேன். திரையில் நீல வெளிச்சம் வந்ததும் பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். தலைவரும் சிரித்தார். "கெட்டிக்காரி! நாளைக்கே ஆள் கூட்டிட்டு வாங்க சேர்."

மறுநாள் மாஸ்டர் வந்து போட்டுப் பார்த்தபோது திரை கறுப்பாகவே கிடந்தது. பெட்டியைத் திறந்தேன். ரேம் பலகை இருந்த இடம் வெறுமையாக இருந்தது. கொக்கி இரண்டும் உடையாமல், பாஸ் காட்டிக்கொடுத்தபடியே விலக்கப்பட்டிருந்தன. அப்படி விலக்கத் தெரிந்தவர்கள் அந்தத் தோட்டத்தில் நானும் தலைவரும்தான்.

"வாராவாரம் இவதானே நோண்டுறா? வித்துட்டாளோ என்னமோ" என்றார் தலைவர்.

அப்பா என்னைக் கோயிலுக்கு இழுத்துப் போனார். தோட்டமே பார்த்து நிற்க, அம்மன் முன்னால் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்து, "நான் எடுக்கல" என்று சத்தியம் செய்தேன். மாஸ்டர் தலைவர் பக்கம் திரும்பினார். அப்பா மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். "விடுங்க சேர். புள்ளைக்கு வேல வேணும்னாலும், லயத்துக்குத் தகரம் வேணும்னாலும் நாங்க அவர்கிட்டதான் நிக்கணும்." தலைவர் திருநீறு பூசிக்கொண்டு முதல் ஆளாகப் பிரசாதம் வாங்கினார். அவரைச் சூடம் அணைக்கச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. என் சத்தியத்தை எல்லோரும் நம்பினார்கள். நம்பியும் வாய் திறக்கவில்லை. அதுதான் இன்னும் கசக்கிறது.

மாஸ்டர் மாற்றலாகிப் போனார். நான் பதினைந்து வயதில் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போய், அங்கேயும் ஒரு கொம்பியூட்டரைத் துடைத்தேன்.

இப்போது தலைவர் இல்லை. அந்த முன்னறை சில்லறைக் கடையாகிவிட்டது. பெட்டியைப் பழைய இரும்புக்காரர் கொண்டுபோனாராம். அம்மனை நான் குறை சொல்லமாட்டேன், இன்றும் அவளே கதி. ஆனால் இந்த வருடப் பூசைக்கு என் மகள் தான் பாடம் படிக்கிற போனையும் புத்தகங்களோடு அடுக்கிப் பொட்டு வைக்கப் போனபோது, அதை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"இன்னைக்குப் படிக்கக் கூடாதும்மா" என்றாள்.

"நீ படி" என்று சொல்லிவிட்டுச் சூடத்தை ஏற்றினேன். அது தானாக எரிந்து தணியும்வரை, கையைக் கிட்டே கொண்டுபோகாமல் நின்றேன்.