ஸ்கேல் அழித்த ரீடிங்

அவனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அட்டெண்டன்ஸ் எடுக்கும் வாத்தியாரைத் தவிர யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கல்லூரி முழுக்க அவன் ஸ்கேல்தான். அவன் போடுகிற கிராஃப் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி இருக்கும். எங்கள் லேபில் இருந்த மெஷின்கள் எங்கள் அப்பாக்கள் காலத்தவை. அதில் வருகிற ரீடிங்கை உள்ளபடி போட்டால் கோடு ஆட்டுக்குட்டி துள்ளுகிற மாதிரி போகும். அதைக் கொண்டுபோய் நீட்டினால் லேப் சார் மூஞ்சியில் விட்டெறிவார். "போய் ஒழுங்கா ரீடிங் எடுத்துட்டு வா" என்பார். ஒழுங்காக எடுப்பது என்றால் என்னவென்று முதல் வருஷமே எல்லோருக்கும் புரிந்துபோகும். துருத்திக்கொண்டு நிற்கிற புள்ளியை ரப்பரால் அழித்துவிட்டு, அக்கம்பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவில் நல்ல பிள்ளையாக ஒன்றை உட்கார வைக்க வேண்டும். அதில் அவனை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது.

இது பொய் என்று எங்களில் ஒருத்தனும் நினைத்ததில்லை. சத்தியமாகச் சொல்கிறேன். காலையில் பல் தேய்க்கிற மாதிரி அதுவும் ஒரு பழக்கம், அவ்வளவுதான்.

மூன்றாம் வருஷக் கோடை விடுமுறையில் எனக்கும் அவனுக்கும் வெளிநாட்டில் இன்டர்ன்ஷிப் கிடைத்தது. ஏர்போர்ட்டில் அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீதாம்பா இவனைப் பாத்துக்கணும். இவன் வாயில்லாப் பூச்சி" என்றார். எனக்கு வாய் அதிகம், கோபம் மூக்குக்கு மேலே. அதனால்தான் என்னிடம் ஒப்படைத்தார் போலிருக்கிறது.

சுரங்கப்பாதைகளில் புகையை இழுத்து வெளியே தள்ளுகிற ராட்சசக் காற்றாடிகளைச் செய்யும் தொழிற்சாலை அது. ஒரு இறக்கை நம்மைவிட உயரம். என்னை டிராயிங் பிரிவில் போட்டார்கள். யாருக்கும் வேண்டாத பழைய வரைபடங்களைக் கம்ப்யூட்டரில் திருத்திக்கொண்டிருப்பதுதான் என் வேலை. அவனைச் சோதனை ஷெட்டுக்கு அனுப்பினார்கள். எனக்கு வயிறு எரிந்தது, அதை மறைப்பானேன்.

தங்கிய இடத்தைச் சொல்ல வேண்டும். துணி துவைக்கும் கடைக்கு மேலே ஒரு அறை. இரண்டு கட்டில், ஒரு அடுப்பு. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவர் கைக்கு எட்டும். கீழே மெஷின் ஓட ஓடத் தரை வெதுவெதுவென்று இருக்கும், சோப்பு வாசனை தலையணைவரை ஏறும். சனிக்கிழமை வந்தால் பைத்தியம் பிடிக்கும். ஷாப்பிங் காம்ப்ளெக்ஸில் ஒன்றும் வாங்காமல் சுற்றுவோம். காவலாளி இரண்டாம் முறை பார்த்ததும் அங்கிருந்து நகர்ந்து பூங்கா பெஞ்சில் உட்காருவோம். ஜனங்கள் நாயைக் கூட்டிக்கொண்டு எங்களைக் கடந்து போவார்கள். எங்களைவிட அந்த நாய்களுக்கு அங்கே தெரிந்தவர்கள் அதிகம். வீட்டிலிருந்து போன் வரும். "எங்கல்லாம் சுத்திப் பாத்தீங்க?" என்று கேட்பார்கள். அவன் அந்த ஒரே பூங்காவை வெவ்வேறு மூலையிலிருந்து போட்டோ எடுத்து அனுப்புவான்.

எங்களைக் காப்பாற்றியவர் ஃபிட்டர் அண்ணன். நம் பக்கத்து ஆள்தான். அங்கே வந்து பல வருஷமாகிவிட்டது. வருஷா வருஷம் கோடை முடிகிறபோது அவருடைய வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். அந்த ஒப்பந்தம் இருக்கிறவரைதான் அவரும் குடும்பமும் அந்த நாட்டில் இருக்கலாம். கேன்டீனில் நாங்கள் ரொட்டியை வெறுமனே மென்றுகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு நேராக வந்தார்.

"என்னடா தம்பிகளா, மாடு மாதிரி வெறும் ரொட்டியைப் போட்டு மெல்லுறீங்க? வாய் செத்துப் போகாது? ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க. வரலைன்னா நானே வந்து காதைப் புடிச்சு இழுத்துட்டுப் போவேன்."

போனோம். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனோம். அண்ணி தட்டைக் காலியாக விடமாட்டார். அவர்கள் மகளைக் குட்டி என்று கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷத்துக்குப் போகிறவள், வாயாடி. வீட்டுக்குக் கீழே கார் நிறுத்தும் இடத்தில் ஸ்கேலோடு ஷட்டில் ஆடுவாள். அவன் ஒவ்வொரு முறையும் தோற்பான். "ஐயோ, விட்டுக் குடுக்கறானாக்கும்" என்று அண்ணி சொன்னால், "இல்லம்மா, இந்த அண்ணனுக்கு நிஜமாவே ஆடத் தெரியலை" என்று குட்டி விழுந்து விழுந்து சிரிப்பாள். வெட்கத்தில் காது சிவந்துபோய் அவனும் சிரிப்பான். கல்லூரியில் மூன்று வருஷம் பக்கத்தில் இருந்தும் அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அண்ணனுக்குத் தன் கைமேல் ஒரு கர்வம் உண்டு. காற்றாடியின் தண்டில், அது உரசாமல் சுழலத் தாங்குகிற பேரிங்கை ஏற்றி உட்கார வைப்பது அவர் வேலை. "நான் ஏத்தின பேரிங் இதுவரைக்கும் திரும்பி வந்ததில்லை, தெரியுமா?" என்பார். "ஆமா, வீட்டுல ஒரு ஆணி அடிக்கச் சொன்னா மட்டும் அந்தக் கை வராது" என்பார் அண்ணி.

இனி நடந்ததைச் சொல்கிறேன். புது மாதிரிக் காற்றாடி ஒன்று சோதனைக்கு வந்தது. அண்ணன்தான் பேரிங் ஏற்றினார். அதை ஒரு இரும்பு ஸ்டாண்டின் மேல் நிறுத்தி, வேகத்தைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு படியிலும் எவ்வளவு அதிர்கிறது என்று மீட்டரைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அது ஸ்கேலின் வேலை. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது நடுவில் ஒரு வேகத்தில் மட்டும் முள் எகிறிக் குதித்தது. அடுத்த படிக்குப் போனதும் சாதுவாக அடங்கிவிட்டது. மீட்டர் ஒயர் தளர்ந்திருக்கும் என்று அவன் நினைத்துக்கொண்டான். கை அதுபாட்டுக்குப் பழகிய வேலையைச் செய்தது. அந்த ரீடிங்கை அழித்துவிட்டு, முன்னும் பின்னும் பார்த்து நடுவில் ஒன்றைப் போட்டான்.

மேலாளர் அந்த கிராஃபைப் பார்த்துவிட்டு, இவ்வளவு சுத்தமான சோதனையை இந்த ஷெட்டில் பார்த்ததே இல்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். ஸ்கேலுக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னான். அந்த அம்மா என்னிடமும் பேசி, "உன் கூட இருந்ததாலதான்பா" என்று அழுதார்.

காற்றாடியை வாங்குகிறவர்கள் ஒருநாள் பார்க்க வந்தார்கள். ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். தங்களுக்கு எந்த வேகம் வேண்டுமென்று அவர்களே சொன்னார்கள். பாழாய்ப்போன அதே வேகம். கொஞ்ச நேரம் ஓடியது. ஸ்டாண்டு கிடுகிடுவென்று ஆடத் தொடங்கியது, தண்டு முறிந்தது, இறக்கை சுற்றியிருந்த பாதுகாப்புக் கூண்டில் மோதியது. அந்தச் சத்தம் டிராயிங் பிரிவில் இருந்த எனக்கே கேட்டது, எழுந்து ஓடினேன். நல்ல வேளை, யாருக்கும் அடி இல்லை.

விசாரணை வைத்தார்கள். கிராஃபை நடுவில் போட்டுக்கொண்டு பேசினார்கள். ஸ்டாண்டிலோ வடிவமைப்பிலோ குறை இருந்தால் ஏதாவது ஒரு வேகத்தில் அதிர்வு எகிறியிருக்கும். எந்த வேகத்திலும் அதிர்வு இல்லை, ஆகவே ஸ்டாண்டிலும் குறையில்லை, வடிவமைப்பிலும் குறையில்லை. மிச்சம் என்ன? பேரிங் ஏற்றிய கை. அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் வாதாடுவார், குறைந்தபட்சம் கத்துவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் கிராஃபையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தப்பு என்னுடையதாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டார். எங்களிடம் பிறகு சொன்னார்:

"தம்பி எடுத்த ரீடிங்ல ஒரு துளி ஆட்டம் இல்லையே. அவன் எவ்வளவு கவனமா வேலை பாக்கறவன்னு ஷெட்ல தெனமும் பாக்கறவன் நான். அப்ப என் கைதான் எங்கயோ சறுக்கியிருக்கு."

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மாத முடிவில் குடும்பத்தோடு நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். குட்டியின் படிப்பு கடைசி வருஷத்துக்கு முன்னால் அந்தரத்தில் நின்றது.

அன்று சாயங்காலம் அறைக்கு வந்தால் ஸ்கேல் ஷூவைக்கூடக் கழற்றாமல் பேயறைந்த மாதிரி கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

"நான் ஒரு ரீடிங்கை மாத்தினேன்டா" என்றான்.

எனக்கு முதலில் விளங்கவே இல்லை. விளங்கியதும் கத்தினேன். என்னென்ன வார்த்தை வந்தது என்று இங்கே எழுத முடியாது. "அடப்பாவி! அந்த மனுஷன் வீட்டுல கையை நனைச்சிட்டு, அவர் தலையிலயே கல்லைத் தூக்கிப் போட்டிருக்கியே! இப்பவே போய்ச் சொல்லு."

"சொன்னா என்னைத் திருப்பி அனுப்பிடுவாங்க. காலேஜுக்கும் எழுதுவாங்க. அம்மா தாங்க மாட்டாங்கடா."

"அண்ணி மட்டும் தாங்குவாங்களா?"

நாளைக்குச் சொல்கிறேன் என்றான். மறுநாளும் அதையே சொன்னான். ஷெட் வாசல்வரை போவான், மேலாளரின் கதவைப் பார்ப்பான், திரும்பி வந்துவிடுவான். சாப்பிட மாட்டான். என்னால் அவனைத் திட்டவும் முடியவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை. கடைசியில், "நீ போறியா, நான் போகட்டுமா?" என்று சட்டையைப் பிடித்தேன். "நானே சொல்றேன், நீ கூட மட்டும் வா" என்றான்.

போனோம். மேலாளர் கெட்டவர் இல்லை. உட்காரச் சொல்லி, முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். முள் எவ்வளவு காட்டியது?

ஸ்கேல் வாயைத் திறந்தான், மூடினான். அவனுக்குத் தெரியவில்லை. மாற்றிய எண் மனப்பாடமாக இருந்தது. உண்மையான எண் நினைவில் இல்லை. ஒரு எண்ணைச் சொன்னான். இல்லை, அதைவிடக் கூட என்று இன்னொன்றைச் சொன்னான். நெற்றியெல்லாம் வேர்த்துக் கொட்டியது. மேலாளர் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். ஸ்டாண்டைச் சோதித்துப் பாருங்கள் என்று நான் குறுக்கே விழுந்து சொன்னேன். அது உடைந்த இரும்போடு இரும்பாகப் போன வாரமே லாரியில் போய்விட்டது, இப்போது இருப்பது தடித்த கால் வைத்த புது ஸ்டாண்டு, இதில் எதுவும் ஆடாது என்றார்.

அப்புறம் எழுந்து வந்து ஸ்கேலின் பக்கத்தில் நின்றார். நீங்கள் இருவரும் ஒவ்வொரு வாரமும் அந்த ஃபிட்டர் வீட்டில் சாப்பிடுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும், உனக்கு நன்றி இருக்கிறது, ஆனால் அதற்காக இல்லாத ரீடிங்கைச் சொல்லக்கூடாது, எஞ்சினியருக்கு அது அழகில்லை என்றார். இதை மேலிடத்துக்கோ கல்லூரிக்கோ கொண்டுபோக மாட்டேன், உன் சான்றிதழுக்கு ஒரு குறையும் வராது என்று ஆறுதலும் சொன்னார்.

ஸ்கேல் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். எனக்கு அங்கிருந்த கண்ணாடியையெல்லாம் உடைக்க வேண்டும்போல இருந்தது. யார்மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியாத ஒரு கோபம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனபோது கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். குட்டி எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஸ்கேல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

அண்ணன் கயிறு கட்டிக்கொண்டிருந்த பெட்டியை விட்டுவிட்டு எழுந்தார்.

"மேலாளர் என்கிட்டயும் சொன்னாருப்பா, நீ வந்து பேசினேன்னு. எதுக்குடா உனக்கு இந்த வம்பு? படிக்கிற பையன். எனக்காக உன் பேரைக் கெடுத்துக்காதே."

"நிஜமாண்ணே. நான்தான் மாத்தினேன்."

"சரி சரி, உக்காரு. தண்ணி குடி."

"அண்ணே, நம்புங்கண்ணே!"

"தம்பி, முப்பது வருஷமா இந்த வேலை பாக்கறேன். கைக்கும் வயசாகுமில்ல? ஊர்ல மச்சான் கடையில உக்காரப் போறேன். இனி ஸ்பேனரைத் தொடறதா இல்லை."

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனார். அண்ணி மட்டும் ஸ்கேலின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணி நம்பிவிட்டார். பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது.

"விசாரணை அன்னைக்கு உனக்கு ஏன்டா வாய் வரலை?" என்றார் மெதுவாக. அவன் தலையைக் குனிந்துகொண்டான். திட்டுவார், வெளியே போ என்பார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவரு எந்நேரமும் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்காரு. வேலை போனா போகட்டும், எப்படியோ பொழைச்சுக்குவோம். ஆனா தன் கை தப்பு பண்ணிடுச்சுன்னு நெனச்சுக்கிட்டே அவரு சாகக்கூடாது. நாங்க கெளம்பற வரைக்கும் நீ தெனமும் வரணும். அவரு நம்பற வரைக்கும் சொல்லணும். புரியுதா?"

அவன் போனான். ஷெட் விட்டதும் நேராக அங்கேதான். வாசலில் நின்று சொல்வான், பெட்டி கட்டும்போது கூடவே உதவிக்கொண்டு சொல்வான், பேரிங் எப்படி உட்கார்ந்திருந்தது, முள் எப்போது குதித்தது என்று படம் போட்டுச் சொல்வான். அண்ணன் தினமும் கேட்டுக்கொள்வார், தினமும் பேச்சை மாற்றுவார். அண்ணி சமையல் மேடையில் நின்றபடி ஒவ்வொரு முறையும் கணவரின் முகத்தைப் பார்ப்பார்.

அவர்கள் கிளம்பிய நாளில் ஏர்போர்ட்டுக்கு நாங்களும் போனோம். உள்ளே நுழைகிற இடத்தில் ஸ்கேல் அவர் கை இரண்டையும் பிடித்துக்கொண்டான்.

"உங்க கையில தப்பே இல்லைண்ணே. நான்தான் பொய் ரீடிங் போட்டேன்."

அண்ணன் சிரித்தார். கையை விடுவித்து அவன் தோளில் தட்டினார்.

"நல்ல பையன்டா நீ" என்றார். "ஒரு பொய்யைக்கூட ஒழுங்கா சொல்லத் தெரியலை உனக்கு."