நங்கையாவை இலங்கைக்குக் கூட்டிப் போனது

எங்கள் வீட்டில் அதற்கு முன் யாரும் சுற்றுலா போனதில்லை. ஏற்காட்டுக்காரர்களுக்கு அந்தப் பழக்கம் குறைவு. மற்றவர்கள்தான் இங்கே வருவார்கள். மே மாதம் ஆனால் ஏரியைச் சுற்றிக் கார்கள் நிற்கும், ஒண்டிக்கடை முக்கில் ரோட்டைக் கடக்கவே பொறுமை வேண்டும். நாங்கள் தேவையானதை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு, ஜூன் வரட்டும் என்று வீட்டுக்குள் இருந்துவிடுவோம். அதனால் பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் போன் செய்து, "இந்த மே மாசம் நாம எல்லாரும் இலங்கைக்குப் போறோம்" என்றபோது, என் வீட்டுக்காரர் "எதுக்கு?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. காரணம் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"சும்மா, ஊர் சுத்திப் பாக்கப்பா. நுவரெலியா போறோம். மலை, டீ எஸ்டேட், ஏரி எல்லாம் இருக்கு."

அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். மலை இருந்தது. அவர் கணக்கெழுதும் ரைட்டராக வேலை பார்க்கும் காபி எஸ்டேட்டும் இருந்தது. ஏரி எங்கள் வீட்டிலிருந்து தெரியாது, ஆனால் நடக்கிற தூரம்தான்.

"சரி" என்றார். மகள் கேட்டு அவர் இல்லை என்று சொன்னதில்லை.

வீட்டில் எங்களோடு அவருடைய அக்காவும் இருக்கிறார். வீட்டுக்காரரின் அக்காவை எங்கள் பக்கம் நங்கையா என்போம். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. வாழ வந்த புதிதில் கேட்கத் தயக்கமாக இருந்தது, பிறகு கேட்கிற காலம் தாண்டிவிட்டது. இங்கே ஒரு போர்டிங் ஸ்கூல் ஹாஸ்டலில் மேட்ரனாக இருந்து ஓய்வு பெற்றவர். வருஷா வருஷம் லீவு விட்டதும் பிள்ளைகளின் பெட்டிகளை அடுக்கி, பூட்டி, சாவியை அவரவர் கழுத்தில் கட்டி, வண்டியில் ஏற்றிக் கையசைத்திருக்கிறார். துபாய் போகிற பிள்ளைக்கு ஸ்வெட்டர் வேண்டாம், லண்டன் போகிற பிள்ளைக்கு இரண்டு வேண்டும் என்று முடிவு செய்தவர் அவர்தான். அவர் அதிகபட்சம் போன ஊர் திருச்சி.

இலங்கை என்றதும் நங்கையா பரணை அண்ணாந்து பார்த்தார். மறுநாள் நான் டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது பரண் மேலிருந்த பெரிய சூட்கேஸ் கீழே இறங்கி, துடைத்து, வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. பயணத்துக்கு இன்னும் மாதக்கணக்கில் இருந்தது.

கவலை என்னவென்றால், நங்கையாவுக்கு முந்தின வருஷம் வலிப்பு வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில், இரண்டாம் வாசகம் நடக்கும்போது, பக்கத்தில் இருந்த என்மேல் சாய்ந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்து முழங்கையால் லேசாக இடித்தேன். அதற்குள் கைகால் வெட்டி இழுக்க ஆரம்பித்துவிட்டது. யாரோ "இரும்பக் குடுங்க, இரும்பக் குடுங்க" என்று கத்த, பூசைக்கு மணியடிக்கும் கோயில்பிள்ளை தன்னிடமிருந்த கோயில் சாவிக்கொத்தை அவர் கையில் திணித்தார். அதனால் ஒரு பயனும் இல்லை என்று பிறகு டாக்டர் சொன்னார். சாவிக்கொத்தை நங்கையா விடவில்லை. கெட்டியாகப் பிடித்தபடியே சேலம் ஆஸ்பத்திரி வரைக்கும் வந்துவிட்டார். அன்று சாயந்திர ஜெபத்தைக் கோயில் வாசலில் நின்றபடி நடத்தினார்களாம்.

அதிலிருந்து மாத்திரை போடுகிறார். அதற்குப் பிறகும் ஒருமுறை வந்தது, லேசாக. எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்பதுதான் அதில் சிரமம். நான் பகலெல்லாம் வகுப்பில் இருந்தாலும் மனசு அடுப்படியில்தான் இருக்கும். நங்கையா அடுப்பு முன்னால் நிற்கிறாரா, கிணற்றடிக்குப் போனாரா என்றுதான் ஓடும்.

சேலத்து நரம்பு டாக்டரிடம் இலங்கை போகலாமா என்று கேட்டோம். "தாராளமாப் போலாம்" என்றார். நாங்கள் எழுந்தோம். "ஆனா பாத்துப் போங்க" என்றார். என் வீட்டுக்காரர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். "எதைப் பாக்கணுங்க?" என்று கேட்டார். "பொதுவாச் சொன்னேன்" என்றார் டாக்டர். திரும்பி மலையேறும்போது இருபது கொண்டை ஊசி வளைவிலும் அவர் அந்த ஒரு வார்த்தையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

ஊரில் யாரிடமும் யோசனை கேட்டிருக்கக் கூடாது. கேட்டோம். எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸுக்கு விமானத்தில் மயங்கி விழுந்த ஒரு சித்தப்பா இருந்தார். மெடிக்கல் ஷாப்காரர், மேலே போகப் போகக் காற்று குறையும், மூளைக்கு அது ஆகாது என்றார். நாங்களே கடல்மட்டத்திலிருந்து ஐயாயிரம் அடி உயரத்தில் நின்றுதான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அந்த நேரத்தில் அது எனக்குத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து மெடிக்கல் ஷாப்காரர் சொன்னதை அப்படியே சொன்னேன், வீட்டுக்காரர் அதை ஏற்றுக்கொண்டார்.

நங்கையா செம்மநத்தத்தில் ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்த நாளில் நாங்கள் இருவரும் அடுப்படியில் உட்கார்ந்து, போக வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

"அக்காகிட்ட என்ன சொல்றது?" என்றார்.

"உங்களுக்கு லீவு இல்லைன்னு சொல்லுங்க."

"மே மாசத்துல எனக்கு என்ன வேலை?"

"மொதலாளி குடும்பத்தோட பங்களாவுக்கு வராருன்னு சொல்லுங்க. நீங்க கூடவே இருக்கணும்னு."

அவர் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். அன்று சாயந்திரம் நங்கையாவிடம் அதை எஸ்டேட்டில் ரிப்போர்ட் வாசிப்பதுபோல ஒப்பித்தார். நங்கையா கேட்டுவிட்டு, "வேலைன்னா பாக்கத்தானே சாமி வேணும்" என்றார். உள்ளே போய் சூட்கேஸைத் திறந்து, அடுக்கி வைத்திருந்த எங்கள் எல்லோருடைய துணிகளையும் எடுத்து, அவரவர் அலமாரியில் வைத்தார். எனக்கென்று எடுத்து வைத்திருந்த பருத்திப் புடவைகளுக்கு நடுவில் பூச்சிக்கடிக்கு ஒரு களிம்பும் இருந்தது. அதை என் கையில் கொடுத்து, "இது இங்கயும் ஆகும் கண்ணு" என்றார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. வருத்தமாகவும் இருந்தது, ஆனால் நிம்மதிதான் அதிகம்.

அந்த நிம்மதி ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. நங்கையா ஒண்டிக்கடையில் காய் வாங்கப் போனபோது எஸ்டேட் டிரைவரைப் பார்த்திருக்கிறார். "மொதலாளி எப்ப வராருங்க?" என்று மரியாதைக்குக் கேட்டிருக்கிறார். இந்த வருஷம் வரவில்லை, மகனைப் பார்க்க ஆஸ்திரேலியா போகிறார் என்று டிரைவர் சொல்லியிருக்கிறார்.

அன்று சாப்பாட்டின்போது நங்கையா எங்களுக்கு ரசம் ஊற்றிவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"எனக்கு இழுப்பு வந்துரும்னுதானே?"

என் வீட்டுக்காரர் ரசத்தையே பார்த்தார். "அப்படி இல்லக்கா."

"பின்ன எப்படி?"

"மொதலாளி..."

"அவரு ஆஸ்திரேலியா போறாரு சாமி."

நான்தான், "பயமா இருக்குதுங்க நங்கையா. முன்னப்பின்ன தெரியாத ஊர்ல வந்துட்டா என்ன பண்ணுவோம்?" என்றேன். நங்கையா தலையை ஆட்டினார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் திருப்பிப் பேசியிருப்பேன். "என்கிட்டயே சொல்லியிருக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஊறுகாய் எடுக்கப் போனார்.

அடுத்த சனிக்கிழமை காலையில் வலிப்பு வந்தது. வீட்டில்தான், அடுப்படியில், சட்னி அரைத்துக்கொண்டிருக்கும்போது. மிக்ஸி ஓடிக்கொண்டே இருக்கிறதே என்று எட்டிப் பார்த்தேன். நங்கையா தரையில் கிடந்தார். டாக்டர் சொல்லிக் கொடுத்திருந்ததெல்லாம் எனக்கு மனப்பாடம். ஒருக்களித்துப் படுக்க வை, வாயில் எதையும் வைக்காதே, பக்கத்தில் இடிக்கிற பொருளை நகர்த்து. எல்லாவற்றையும் செய்தேன். செய்துகொண்டே, "மாதாவே, மாதாவே" என்று சத்தமாகக் கத்திக்கொண்டும் இருந்தேன். என் வீட்டுக்காரர் பாதி சவரத்தோடு ஓடிவந்து தன் அக்காவின் பாதங்களைப் பிடித்துக்கொண்டார். பிடிக்கக் கூடாது. அதை அவரிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

நின்றது. நங்கையா கண்ணைத் திறந்து எங்களை மாறி மாறிப் பார்த்தார். எங்களை அடையாளம் தெரியச் சற்று நேரம் ஆனது. பிறகு, "மிக்ஸிய யாராச்சும் அணைங்க" என்றார்.

சேலத்துக்குக் கூட்டிப் போனோம். டாக்டர் பரிசோதித்துவிட்டு மாத்திரையின் அளவைக் கூட்டினார். தூக்கம் கெட்டதா, மனசில் ஏதாவது கவலையா என்று கேட்டார்.

"கவலையெல்லாம் இல்லீங்க" என்றார் நங்கையா. "இலங்கை போறதா இருந்துச்சு. போனா இது வந்துரும்னு பயந்துக்கிட்டு நிறுத்திட்டாங்க. போகலை. ஊட்லயே இருந்தேன். ஊட்லயே வந்துருச்சு." பிறகு அவரே கேட்டார்: "இனி எதுக்குங்க டாக்டர் நான் போகாம இருக்கணும்?"

டாக்டர் எங்களைப் பார்த்தார். "நான் போலாம்னுதானே சொன்னேன்" என்றார்.

"ஆனா பாத்துப் போங்கன்னீங்களே" என்றார் என் வீட்டுக்காரர்.

"எல்லாருக்கும் அதைத்தாங்க சொல்லுவேன்."

ஆஸ்பத்திரி வாசலில் நின்று வீட்டுக்காரர் மகளுக்குப் போன் செய்தார். டிக்கெட்டை ரத்து செய்யச் சொன்னோமே, இப்போது மறுபடி எடுக்க முடியுமா, கிடைக்குமா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். அவள் சொன்னது எனக்கே கேட்டது. "நான் எதையும் கேன்சல் பண்ணலைப்பா. நீங்க எப்படியும் மாத்திப் பேசுவீங்கன்னு தெரியும். அத்தைகிட்ட போனைக் குடுங்க." நங்கையா போனை வாங்கி, "சரி சாமி... சரி சாமி" என்று கேட்டுக்கொண்டே போய், கொஞ்சம் தள்ளி இருந்த இளநீர் கடையின் நிழலில் நின்றுகொண்டு நெடுநேரம் பேசினார். சிரித்தார்கூட.

திருச்சியிலிருந்து விமானம். ஏறியதும் நங்கையா ஜெபமாலையை எடுத்தார், அது முடிவதற்குள் கொழும்பு வந்துவிட்டது. வழியெல்லாம் நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். வலிப்பு வருவதற்கு முன்னால் அவருடைய இடது கண் லேசாகத் துடிக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம். அதனால் கண்டியிலும் அந்தக் கண்ணைப் பார்த்தேன், மலை ரயிலிலும் பார்த்தேன். நுவரெலியா எப்படி இருந்தது என்று பள்ளிக்கூடத்தில் கேட்டபோது என்னால் விவரமாகச் சொல்ல முடியவில்லை. நங்கையாவின் இடது இமையைப் பற்றிக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

பிறந்ததிலிருந்து மலை ரோட்டில் போய்வரும் எனக்குத்தான் அங்கே வேனில் வாந்தி வந்தது. வீட்டுக்காரருக்கு வயிற்றுப்போக்கு, ஒரு நாள் முழுக்க ஹோட்டல் அறையிலேயே கிடந்தார். மகளுக்குச் சளி. நங்கையா மூவருக்கும் மருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, வெளியே போய் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தார். தனியாகப் போகாதீர்கள் என்று சொல்ல என்னால் எழுந்திருக்கவே முடியவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு சிங்களப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார். எந்த மொழியில் என்று இன்றுவரை தெரியாது.

கடைசி நாள் கடற்கரை. நங்கையாவுக்குத் தண்ணீரில் இறங்க ஆசை. புறப்படும் முன் மறுபடி கேட்டபோது டாக்டர் தண்ணீர் விஷயத்தில் கவனம் என்று சொல்லியிருந்ததால் ஒரு பக்கம் நானும் மறுபக்கம் வீட்டுக்காரரும் முழங்கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். ஜீப்பிலிருந்து கைதியை இறக்கும் போலீஸ்காரர்கள் மாதிரி இருந்தது என்று மகள் சொன்னாள். முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றோம். நான் அப்போதும் கடலைப் பார்க்கவில்லை, நங்கையாவின் கண்ணைத்தான் பார்த்தேன். அதனால் அந்த அலை வந்ததும் எனக்குத் தெரியவில்லை. அடுத்த நொடி நான் தண்ணீருக்குள் இருந்தேன். காது, மூக்கு எல்லாம் உப்பு. எது மேலே, எது கீழே என்று புரியவில்லை. சட்டென்று ஒரு கை என் அவிழ்ந்த கூந்தலையும் புடவை முந்தானையையும் சேர்த்துப் பிடித்து மேலே இழுத்தது.

நங்கையாதான். வீட்டுக்காரரும் விழுந்து எழுந்து மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"கடலைப் பாத்து நில்லு கண்ணு" என்றார் நங்கையா. என் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்தார். அதுவும் ஈரம்தான். எனக்கு அழுகை வந்தது. ஏற்கெனவே முகமெல்லாம் நனைந்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. பிறகு மூவரும் கையைக் கோத்துக்கொண்டு வெகுநேரம் நின்றோம். முதல்முறையாக நான் கடலைப் பார்த்தேன். பெரியதாக இருந்தது.

இலங்கையில் நங்கையாவுக்கு ஒன்றும் வரவில்லை. ஊர் திரும்பி, ஆகஸ்ட் மழையில் ஒரு நாள், கட்டிலில் உட்கார்ந்திருக்கும்போது வந்தது. டாக்டர் வேறு மாத்திரை மாற்றிக் கொடுத்தார். அதற்குப் பிறகு இதுவரை இல்லை. இனி வராது என்று டாக்டரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இன்று கிளியூரில் ஒரு ஞானஸ்நான விருந்து. நானும் கூட வரட்டுமா என்று கேட்டேன். "நொம்பக் கூட்டமா இருக்கும், நீ இரு" என்று சொல்லிவிட்டு நங்கையா தனியாகப் பஸ் ஏறிப் போயிருக்கிறார். இந்நேரம் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்திருப்பார்.