ஈரக்காலில் சாக்ஸ்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டிய டிரையத்லான் போட்டியில் என் சித்தி கடைசிக்கு முந்தைய ஆளாக வந்தார். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். குழந்தைகள் காப்பகத்து ஆயா அவர். இரவல் சைக்கிளோடு போய், அசகாய சூரர்களோடு மோதியிருக்கிறார்.

பெண்களைத்தான் முதலில் தண்ணீரில் இறக்கினார்கள். அப்படியும் சித்தி கரையேறுவதற்குள் போன வருஷம் ஜெயித்த ஆறடி ஆள் வந்து பிடித்துவிட்டான். சைக்கிள் நிறுத்திய இடத்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கண்மூடித் திறப்பதற்குள் சித்தி சாக்ஸும் ஷூவும் மாட்டி எழுந்துவிட்டார். அழுது உதைக்கிற பிஞ்சுக் கால்களுக்கு நாள் முழுக்க மாட்டிவிடுகிற கை அது! அவனோ ஈரக்காலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். சாக்ஸ் குதிகாலைத் தாண்டவில்லை.

சித்தி போயிருக்கலாம். பழக்கதோஷம், அவன் முன்னால் மண்டியிட்டுவிட்டார்.

"காலை ஆட்டக் கூடாது கண்ணா. ஆயா மாட்டி விடறேன்ல?"

தடுப்புக்கு வெளியே நின்ற எனக்கு மானம் போயிற்று. "சித்தி, கிளம்புங்க!" என்று கத்தினேன். அவர் காதிலேயே வாங்கவில்லை.

ஒரு சாக்ஸ் ஏறியது. அந்த ஆறடி வீரன் சமர்த்தாக அடுத்த காலை நீட்டினான்.