பழைய மாலைக்குள் ஒரு விரல்

சிலைக்குப் போடுகிற மாலையை வாழைநாரில் கட்ட முடியாது, பாரம் தாங்காது. கயிறு வைத்துக் கட்டி, காற்றில் கழன்றுவிடாமலிருக்க முனைகளில் கட்டுக்கம்பி சுற்றிவிடுவோம். காய்ந்த பிறகு அந்த மாலை கடைக்கே திரும்பி வரும். பூவை உதிர்த்துக் கொட்டிவிட்டுக் கயிறு, கம்பி, சரிகைக் குஞ்சம் எல்லாவற்றையும் அடுத்த மாலைக்கு எடுத்து வைப்போம். ராஜபாளையத்தில் எங்கள் பூக்கடையில் இதுதான் வழக்கம்.

எங்கள் தெருமுனையில் சிலையாக நிற்பவர் கையை நீட்டி ஆள்காட்டி விரலால் எதையோ காட்டிக்கொண்டிருப்பார். எதைக் காட்டுகிறார் என்று வைத்தவர்களுக்கே தெரியாது. ஊருக்குக் கிணறு வெட்டிக் கொடுத்தவர் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். கடையில் என்னோடு பூக்கட்டும் அக்கா அடுத்த தெரு. "வெட்டுனது எங்க தாத்தாமாரு. தண்ணி எடுக்கப் போனா எங்காளுகள அவிய விரட்டுவாகளாம்" என்பாள். கை மட்டும் நிற்காமல் கட்டிக்கொண்டே இருக்கும். அந்த மனுசனுக்கே நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் வருஷா வருஷம் மாலை கட்டினோம்.

அந்த வருஷம் அவர் பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, சிலைக் கமிட்டிக்காரர்கள் தெருமுக்குக்கு அவர் பெயரில் போர்டு வைக்கப் போனார்கள். "கெணறு வெட்டுனவுக பேரையும் போடுங்க" என்று அக்காவின் மகன் நடுத்தெருவில் நின்று கேட்டுவிட்டான். மில்லுக்குப் போகிற பையன், வாய் கொஞ்சம் அதிகம். அன்றிலிருந்து இரண்டு தெருவும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு கிடந்தன.

பிறந்தநாள் காலையில் புது மாலை போட ஏறியவன் மேலேயிருந்தே கத்தினான். சிலையின் ஆள்காட்டி விரலைக் காணோம். கடைகள் சடசடவென்று ஷட்டரை இறக்கின. யார் யாரையோ போனில் கூப்பிட்டார்கள். செத்த நேரத்தில் போலீஸ் ஜீப் வந்தது. யாரும் எதுவும் விசாரிக்கவில்லை. நேரே போய் அக்காவின் மகனைச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்து ஜீப்பில் ஏற்றினார்கள்.

அக்கா பாதி கட்டின பூவைப் போட்டுவிட்டு ஓடினாள். சும்மா இருக்க முடியாமல், முந்தின நாள் சாயங்காலம் என் மகன் இறக்கிக்கொண்டு வந்த பழைய மாலையைச் சாக்கிலிருந்து உருவினேன். கம்பிச் சுற்றுக்குள் என்னவோ கனமாக இடறியது. பிரித்துப் பார்த்தால், வெள்ளி பெயின்ட் அடித்த சிமெண்டு விரல்.

ஏணி போட்டு ஏறி, கயிற்றை அறுத்துத்தான் மாலையை இறக்க வேண்டும். இவன் கீழேயே நின்று தொரட்டிக் கம்பை மாட்டி இழுத்திருக்கிறான். சோம்பேறிப் பயல். அவனுக்குப் போலீஸ் செலக்‌ஷனில் பரீட்சை, ஓட்டம், கயிறு ஏறுவது எல்லாம் முடிந்துவிட்டது. ஸ்டேஷனிலிருந்து விசாரிக்க வருவதுதான் பாக்கி. தெரியாமல் நடந்தது என்றாலும் கேஸ் கேஸ்தான். பெயர் ஏறிவிட்டால் காக்கிச்சட்டையைக் கனவில்தான் போட்டுப் பார்க்க வேண்டும்.

விரலைக் குப்பையோடு சேர்த்து வீசிவிடலாமா என்று தோன்றியது. வீசியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் எதிரே அக்காவின் பலகை காலியாகக் கிடந்தது.

விரலைச் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு முக்குக்குப் போனேன். அக்கா ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். "ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குக் கொண்டுபோயிட்டா எம் பய வாழ்க்கை அம்புட்டுதான் சார்" என்று அழுதாள். கமிட்டித் தலைவருக்குப் பக்கத்தில் என் மகன் நின்றான். என் கையிலிருந்த சாக்கைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது. அவனுக்குக் காலையிலேயே தெரிந்திருக்கிறது.

நானே வாயைத் திறந்தேன். "சார், வெரலு இந்தா இருக்கு. மாலைக் கம்பியில மாட்டி ஒடிஞ்சிருக்கு. நான்தான் இழுத்தேன்."

இன்ஸ்பெக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ எதுக்கும்மா போனே?"

"குஞ்சத்துக்காகப் போனேன் சார். ஏணி தூக்கியார ஆளில்ல. தொரட்டியப் போட்டு இழுத்துட்டேன்."

கூட்டம் என் பக்கம் திரும்பியது. சொந்தத் தெருக்காரர்களே என்னைக் கேட்காத கேள்வியில்லை. ஒருவன் அடிக்கவே கையை ஓங்கினான். இன்ஸ்பெக்டர் குறுக்கே வந்து நின்றார். பிறந்தநாளும் அதுவுமாக ஒரு பொம்பளையை ஜீப்பில் ஏற்ற அவருக்கு மனசில்லை. சிலையின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும், இனி என் கடை மாலை இங்கே வரக்கூடாது என்று தலைவர் சொன்னார். விழுந்தேன். எழுந்திருக்கும்போது என் மகனைத் தேடினேன். நின்ற இடத்திலேயே தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு அவமானமாக இருந்தது, காலில் விழுந்ததற்காக அல்ல.

அக்காவின் மகனை இறக்கிவிட்டார்கள்.

மறுநாள் அக்கா வேலைக்கு வந்தாள். கட்டிக்கொண்டே, நிமிராமலேயே கேட்டாள். "ஏட்டி, நீ எம்புட்டு ஒசரம்னு எனக்குத் தெரியாதா? தொரட்டிய நீட்டுனாலும் உனக்கு அவிய முழங்காலுதான எட்டும்?"

நான் அடுத்த சரத்துக்கு நாரைக் கிழித்து நீட்டினேன். அவள் வாங்கிக்கொண்டாள்.

ஒடிந்த விரலை ஒட்டிப் பூசி, சிலையைச் சுற்றிக் கம்பிக் கூண்டும் போட்டுவிட்டார்கள். என் மகனுக்கு வேலை கிடைத்துவிட்டது. வேறொரு ஊரில் இருக்கிறான். போன வாரம் போன் பண்ணினான்.

"இங்க ஒரு சிலைக்குக் காவல் போட்டிருக்காகம்மா. ஈ காக்கா அண்ட விடமாட்டோம்" என்றான். குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"சரிலே. பழைய மாலைய யாரு எறக்குறா?" என்று கேட்டேன்.

அவன் போனை வைக்கவில்லை. லாரி போகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நானும் வைக்காமல் காத்திருந்தேன்.