தம்பி கொண்டுவந்த சிவப்பு வைன்

என் கணவருக்கு என் தம்பி என்றால் ஓர் இளக்காரம். தம்பி இங்கிலாந்தில் ஒரு சின்னத் திராட்சைத் தோட்டத்தில் கொடி கத்தரிக்கிறான், பழம் பறிக்கிறான். இவர் மொன்ட்ரியால் நகரத்துக்குள் கணக்காளர். நண்பர்களிடம் பேசும்போது அவனை "எங்கடை தோட்டக்காரன்" என்பார். இவருடைய தகப்பன் ஊரில் புகையிலைத் தோட்டம் செய்துதான் இவரைப் படிப்பித்தார் என்பது அந்த நேரம் பார்த்து மறந்துபோகும்.

2000களின் நடுவில், ஒரு நவம்பரில், அறுவடை முடிந்த கையோடு தம்பி முதன்முதலாக மொன்ட்ரியால் புறநகர் பியர்பொன்ட்ஸில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தான். பெட்டியைத் திறந்து, கம்பளிச் சட்டைக்குள் சுற்றிவைத்திருந்த ஒரு போத்தலை எடுத்தான்.

"எங்கடை தோட்டத்துச் சிவப்பு வைன் அக்கா. அந்தக் குளிருக்கை கனபேர் வெள்ளைதான் செய்யிறவை, சிவப்புக்கு வெயில் காணாது. ஒரு வருசம் நல்லாப் பழுத்திட்டுது. முதலாளி ஆளுக்கொரு போத்தல் தந்தவர். அத்தானோடை இருந்து குடிக்கவெண்டு கொண்டந்தனான்."

அவனுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அத்தான் அவனோடு ஒரே மேசையில் இருந்து ஒரு கிளாஸ் குடிக்கவேண்டும், நல்லாயிருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

இவர் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இங்கிலாந்திலை வைனோ?" என்று சிரித்தார். "பேந்து குடிப்பம்" என்று சோகேசுக்குள், பிளாஸ்டிக் பூக்களுக்குப் பக்கத்தில் வைத்தார். அடுத்த நாள், தக்கை கழற்ற வீட்டில் ஒன்றும் இல்லை என்றார். தம்பி பனிக்குள் நடந்துபோய் டெப்பனர் என்கிற மூலைக்கடையில் ஒரு தக்கைத்திருகி வாங்கிவந்தான். உடனே இவருக்குத் தலையிடி வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை விரதம். சனிக்கிழமை நண்பர்கள் வந்து விஸ்கி திறந்தார்கள். வைன் பொம்பிளையள் குடிக்கிறது என்று யாரோ சொல்ல, எல்லோரையும்விட இவர்தான் சத்தமாகச் சிரித்தார். தம்பியும் சேர்ந்து சிரித்தான். அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"பரவாயில்லை அக்கா, நீங்கள் ரெண்டுபேரும் ஆறுதலாக் குடியுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனான். விமான நிலையத்துக்கு நான்தான் கூட்டிப்போனேன். இவருக்கு வேலையாம்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம். பரிசாக வந்த போத்தலைத் திறக்கமாட்டோம். அடுத்த வீட்டு விசேஷத்துக்கு அதையே கொண்டுபோய்க் கொடுப்போம். கொஞ்ச நாளில் பக்கத்து ஊரான கர்க்லாண்டில் இவருடைய நண்பர் வீடு வாங்கிக் குடிபூரலுக்கு அழைத்தார். தம்பியின் போத்தலைப் பளபளக்கும் பையொன்றில் போட்டுக்கொண்டு இவர் வெளிக்கிட்டார்.

"அது தம்பி கொண்டந்ததெல்லோ" என்றேன்.

"சும்மா கிடந்து பழுதாகிறதுக்கு, ஆருக்கும் உதவட்டும்."

அந்த வீட்டுக்காரி அதைச் சமையலறையில் திறந்து, பிளாஸ்டிக் கப்புகளில் ஐஸ் போட்டு, பாதிக்குப் பாதி இனிப்புச் சோடா கலந்து பெண்களுக்கு நீட்டினாள். ஒருத்தி "புளிக்குது" என்று முகத்தைச் சுளித்து மிச்சத்தைச் சிங்குக்குள் ஊற்றினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கப்பில் இருந்ததைக் கடைசிவரை குடித்தேன். சோடாவின் இனிப்புத்தான் தெரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி தொலைபேசி எடுத்தான். "வைன் எப்பிடி இருந்தது அக்கா? அத்தான் என்ன சொன்னவர்?"

"அவரிட்டையே கேள்" என்று இவரிடம் கொடுத்தேன். கொஞ்சமாவது தடுமாறட்டும் என்றுதான் கொடுத்தேன்.

இவர் தடுமாறவில்லை. "அருமையான வைன் தம்பி! உன்ரை அக்காவும் நானும் வைச்சு ரசிச்சுக் குடிச்சனாங்கள். நீ கெட்டிக்காரனடா!" என்றார்.

அங்கே தம்பி சந்தோஷத்தில் கத்தியது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. அத்தான் பாராட்டினவர் என்று அவன் இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறான். இத்தனை வருஷத்தில் இவர் என் தம்பியைப் புகழ்ந்தது அந்த ஒரு முறைதான். அதுவும் ஒரு சொட்டும் குடிக்காமல்.